ஆரம்ப வசந்தத்தில் வெளிநாட்டில் கேம்பர்வேன்: நான்கு பேர், பத்து நாள், எங்கே போகலாம்?

மண்டபம்கரை கேட்டது:

வணக்கம். மண்டபத்தில் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, மகளுக்கு ஆறு வயது, அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. நாங்கள் நான்கு பேரும் வெளிநாட்டில் ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பத்து நாள் சுற்ற வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. குழு டூரில் காலை ஐந்து மணிக்கு எழுப்பி பஸ்ஸில் ஏற்றி, இரவு ஒரு புது ஹோட்டலில் இறக்கிவிடுவார்கள், அது அம்மாவுக்குச் சரிப்படாது. படுக்கையும் அடுப்பும் கூடவே வந்தால், கால் வலிக்கிறது என்று அவர் சொன்ன இடத்திலேயே நிறுத்தி டீ போட்டுக் குடித்துவிட்டுப் போகலாம் இல்லையா, அதுதான் எண்ணம்.

சிக்கல் நாள் பார்ப்பதில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, எனக்கு வியாபாரம் இருக்காது. ஆனால் கம்ப்ரசரைப் பிரித்து மாட்டுவது, தொட்டி பூசுவது எல்லாம் அப்போதுதான் செய்ய முடியும், நான் நகர முடியாது. அதோடு எங்களுக்குப் பிடித்தது வசந்தத்தின் தொடக்கம், பனி விலகிப் பூ தலைகாட்டும் நேரம். மார்ச் கடைசியில் நெதர்லாந்து, ஜெர்மனி என்று பேசிக்கொண்டிருந்தோம். மார்ச் பொதுத்தேர்வு நேரம், மனைவிக்கு விடுப்பு கிடைக்கவே கிடைக்காது. எல்லாரும் மே மாதம் போ என்கிறார்கள், எனக்கு அது ஒத்துவராது.

தினமும் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன், லாரியும் ஓட்டத் தெரியும். சாலையின் வலதுபக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. எந்த நாடு, எந்த மாதம், எவ்வளவு பெரிய வேன், கழிப்பறை விஷயம் எப்படி, நம் சாப்பாடு சமைக்க முடியுமா, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரைகாக்கா:

தம்பி, வசந்தம் என்றாலே மார்ச் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? தெற்கே வாருங்கள். நியூசிலாந்தில் செப்டம்பர்தான் வசந்தத்தின் முதல் மாதம். உங்கள் வீட்டம்மாவுக்குக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில்தானே வருகிறது? நம் ஊரில் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் போய்த் திரும்பிவிடலாம். நான் கீழக்கரைக்காரன், கிறைஸ்ட்சர்ச்சில் வேலை பார்க்கிறேன், அதனால் தென்தீவைப் பற்றி மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

முதல் காரணம், இங்கேயும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஏழு மீட்டர் நீள வண்டியைப் புது ஊரில், பின்னால் அம்மாவையும் பிள்ளையையும் உட்காரவைத்து ஓட்டும்போது இது சின்ன விஷயமில்லை. ரவுண்டானாவில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று யோசிக்கும் அரை நொடி மிச்சம். இரண்டாவது, ஊர் எல்லையைத் தாண்டினால் சாலையில் கூட்டமே இருக்காது. மூன்றாவது, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேன் வாடகை உச்சத்தில் இருக்கும், செப்டம்பரில் அந்த நெருக்கடி இல்லை. ஒன்று மட்டும் கவனம்: இங்கேயும் பள்ளிகளுக்கு அதே செப்டம்பர் கடைசியில் இரண்டு வாரம் விடுமுறை. வேனை நிறுத்தித் தங்கும் ஏரிக்கரை முகாம்களில் மின்சார வசதியுள்ள இடத்தை முன்னாடியே பிடித்துவிடுங்கள்.

என்ன பார்க்கலாம் என்றால், கிறைஸ்ட்சர்ச்சில் ஹாக்லி பார்க் முழுக்க டாஃபோடில் பூத்திருக்கும், பக்கத்துச் சாலையோரம் செர்ரி மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நிற்கும். சாலைக்கு இரண்டு பக்கமும் புல்வெளியில் பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டிகள் தாய்க்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் மகள் அதைவிட்டு நகரமாட்டாள். மலை மேல் பனி அப்படியே இருக்கும். கீழே பூவும் மேலே பனியும் ஒரே பார்வையில் கிடைப்பது இந்தச் சில வாரங்களில்தான்.

குளிரைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கிறைஸ்ட்சர்ச்சில் பகலில் 14, 15 டிகிரி, இரவில் 4 வாக்கில். மலை ஓரம் போனால் இரவில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். நம் கரையில் மார்கழி விடியலுக்கே மஃப்ளர் தேடுகிறவர்களுக்கு இது சும்மா இல்லை. வேனில் ஹீட்டர் இருக்கிறதா என்பதைவிட, அது எதில் ஓடுகிறது என்று கேளுங்கள். சில வேன்களில் மின்சாரத்தில் இணைத்தால்தான் ஹீட்டர் வேலை செய்யும். டீசல் ஹீட்டர் உள்ள வேன் என்றால் எங்கே நிறுத்தினாலும் சூடு கிடைக்கும்.

பனங்காடு:

நாங்கள் குடும்பத்தோடு தென்தீவில் சுற்றியிருக்கிறோம், மாமியாரும் கூட வந்தார், அதனால் நீங்கள் கேட்டதில் பாதிக்கு நான் பதில் சொல்லலாம்.

முதலில் படுக்கை. நான்கு பேர் வேன் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு கட்டில் டிரைவர் தலைக்கு மேலே இருக்கும், ஏணியில் ஏறித்தான் படுக்க வேண்டும். இன்னொன்று பின்னால் உட்காரும் இருக்கைகளை இழுத்துப்போட்டு இரவில் கட்டிலாக்குவது. முழங்கால் வலி உள்ள அம்மாவால் ஏணி ஏற முடியாது, இரவில் இரண்டு தடவை எழுந்திருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆறு பேர் வேனை எடுங்கள். கீழேயே இரண்டு கட்டில் அமையும், மேலே பெட்டிகளைப் போட்டுக்கொள்ளலாம், தினமும் காலையில் எல்லாவற்றையும் மடிக்கிற வேலையும் குறையும். வாடகை கூடத்தான், ஆனால் பத்து நாளும் எல்லாரும் நன்றாகத் தூங்குவது அந்தக் காசுக்குச் சமம். லாரி ஓட்டுகிற உங்களுக்கு நீளம் பிரச்சினை இல்லை. உயரம்தான் மறந்துபோகும், மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும், தாழ்ந்த கிளைகளும் கார் பார்க்கிங்கின் கூரையும் ஆபத்து.

கழிப்பறை. இதைப் பேச எல்லாரும் கூச்சப்படுகிறார்கள், ஆனால் இதில் தெளிவு இல்லாமல் போனால் பயணம் முழுக்க முகம் சுளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேனுக்குள் இருப்பது கேசட் டாய்லெட். கீழே சக்கரம் வைத்த ஒரு பெட்டி, வேனின் வெளிப்பக்கக் கதவைத் திறந்து இழுத்தால் வரும். அதைச் சூட்கேஸ் மாதிரி உருட்டிக்கொண்டு டம்ப் ஸ்டேஷன் என்கிற கழிவு கொட்டும் இடத்துக்குப் போய்க் கவிழ்த்து, அங்கே இருக்கும் குழாயில் அலசி, கொஞ்சம் தண்ணீரும் ரசாயனமும் ஊற்றித் திரும்ப மாட்ட வேண்டும். அலசுகிற குழாயும் குடிநீர்க் குழாயும் தனித்தனி, பலகை இருக்கும், படித்துவிட்டுத் தொடுங்கள். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள், அதனால் கேசட் சீக்கிரம் நிரம்பும். நாங்கள் வைத்த ஏற்பாடு இதுதான்: பகலில் முகாமின் கழிப்பறை, குளியலும் அங்கேயே, வெந்நீர் தாராளமாக வரும். வேனில் இருப்பது இரவில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும். ஒரு மக் மறக்காமல் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீரும் தனித் தொட்டியில்தான் சேரும். ஆள் இல்லாத இடம்தானே என்று சாலையோரம் திறந்துவிடக் கூடாது, அதையும் டம்ப் ஸ்டேஷனில்தான் விட வேண்டும்.

சமையல் சுகமானது. கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் எல்லாம் வேனோடு வரும். குக்கர் வராது, சின்ன குக்கர் ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். அரிசி, பருப்பு, மசாலா, இட்லி மாவுகூட கிறைஸ்ட்சர்ச்சில் இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும், முதல் நாளே வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள், மலைப்பக்கம் போய்த் தேட முடியாது. மிக்ஸி கொண்டு போனால் மின்சாரம் இணைத்த இடத்தில்தான் ஓடும், வேன் பேட்டரி விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும்தான். அங்கே பிளக் வேறு மாதிரி, சாய்ந்த தட்டைக் கம்பிகள், அடாப்டர் தேவை. மீன் வறுக்க ஆசை வரும், வறுக்கலாம், ஆனால் வேனுக்குள் வேண்டாம், முகாம்களில் பொதுச் சமையலறை இருக்கிறது. குளிர் இரவில் வேனை இறுக்க மூடிச் சமைத்தால் காலையில் கண்ணாடியெல்லாம் நீர் வழியும், மெத்தை ஓரம் நனைந்திருக்கும். மேலே இருக்கும் காற்றுத் திறப்பை ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள்.

டிஎன்65:

காகித வேலை பற்றி நான்.

ஓட்டுநர் உரிமம்: நம் ஸ்மார்ட் கார்டு ஆங்கிலத்தில் இருப்பதால் நியூசிலாந்தில் அதுவே செல்லும். இருந்தாலும் ராமநாதபுரம் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடுங்கள். படிவம் 4ஏ, பாஸ்போர்ட் நகல், விசா நகல், கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். வேன் கொடுப்பவர் கேட்டாலும் காட்டலாம், இன்ஷூரன்ஸ்காரர் கேட்டாலும் காட்டலாம். மனைவிக்கும் உரிமம் இருந்தால் இரண்டாவது டிரைவராக அவர் பெயரையும் சேருங்கள்.

விசா: ஆன்லைனில்தான் விண்ணப்பம். ஆளுக்கு மாதம் 1000 நியூசிலாந்து டாலர், தங்கும் செலவை முன்கூட்டியே கட்டிவிட்டால் 400, கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஒரு டாலர் நம் பணத்தில் ஐம்பது ரூபாய் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொந்தத் தொழில் என்பதால் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு, கம்பெனி உரிமம் எல்லாம் சேருங்கள், தமிழில் இருக்கும் பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மனைவிக்குப் பள்ளியிலிருந்து விடுப்புச் சான்று மட்டும் போதாது, அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு போகத் துறையின் அனுமதி வாங்க வேண்டும், அதற்குத்தான் நாள் பிடிக்கும். ஜூனிலேயே அதைத் தொடங்குங்கள். விசாவோடு சுற்றுலாப் பயணிகள் கட்டும் தீர்வை ஒன்றும் உண்டு, 2024 அக்டோபரிலிருந்து ஆளுக்கு 100 டாலர்.

இன்ஷூரன்ஸ் இரண்டு வகை, இரண்டையும் குழப்ப வேண்டாம். விபத்தில் அடிபட்டால் நியூசிலாந்து அரசின் ஏசிசி திட்டம் சுற்றுலாப் பயணிக்கும் சிகிச்சை தரும், காய்ச்சல், நெஞ்சுவலி என்று நோயாக வந்தால் தராது. அம்மா இருப்பதால் பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காமல் எழுதுங்கள். வேனுக்கு வேறு. அடிப்படை வாடகையில் சேதம் வந்தால் முதல் பல ஆயிரம் டாலர் நம் தலையில்தான், தினசரி கொஞ்சம் கூடக் கட்டினால் அது குறையும். முழுக் காப்பீடு என்று எழுதியிருந்தாலும் கூரையில் இடிப்பது, அடிப்பாகம், தண்ணீரில் இறக்குவது, கடற்கரை மணலில் ஓட்டுவது பெரும்பாலும் சேராது. நாம் கடலைப் பார்த்தால் மணல்வரை வண்டியை இறக்குகிற பழக்கம் உள்ளவர்கள், அங்கே அது கூடவே கூடாது.

இன்னொன்று யாரும் முன்னாடி சொல்வதில்லை. அங்கே டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலைக் கட்டணம் உண்டு, 3.5 டன் வரையுள்ள வண்டிக்கு 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர். வேனைத் திருப்பிக் கொடுக்கும்போது கணக்குப் பார்த்து வாங்குவார்கள். டீசல் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போட வேண்டாம்.

தேவிபட்டினம்:

ஐரோப்பாவை அப்படியே தள்ளிவிடாதீர்கள். மகள் வளர்ந்து, மனைவிக்கு மார்ச்சில் விடுப்பு கிடைக்கிற காலம் வந்தால் நெதர்லாந்து அருமையான இடம், கூக்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் மூன்றாவது வாரத்தில் திறக்கும், ஒரே ஷெங்கன் விசாவில் நான்கைந்து நாடு பார்க்கலாம், கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. ஆனால் நீங்கள் கேட்ட மார்ச் கடைசி வேனுக்குக் கொஞ்சம் முந்தின நேரம். நிறைய முகாம்கள் ஏப்ரல் முதல் தேதிக்குத்தான் திறக்கும், தூலிப் வயல் நன்றாகப் பூப்பதும் ஏப்ரல் பாதியில்தான். வலதுபக்கம் ஓட்டுவது லாரி ஓட்டியவருக்கு ஒரு நாளில் பழகிவிடும் என்பது என் கருத்து. காக்கா சொல்வதுபோல அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை.

மண்டபம்கரை:

எல்லாருக்கும் நன்றி. காலாண்டு விடுமுறையும் அங்கே வசந்தமும் ஒன்றாக வரும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. மனைவியிடம் காட்டினேன், நியூசிலாந்து என்று முடிவாகிவிட்டது. துறை அனுமதிக்கு எழுதவும் சொல்லிவிட்டேன்.

ஒரு வழித்தடம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கியதும் வேன், அன்றே டெக்கப்போ, அடுத்து மவுண்ட் குக், வானகா, குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட், பிறகு மேற்குக் கரை பனிப்பாறைகள், ஆர்தர்ஸ் பாஸ் வழியாகத் திரும்ப கிறைஸ்ட்சர்ச். அம்மாவுக்கு மில்ஃபோர்ட் படத்தைக் காட்டினேன், பார்க்க வேண்டும் என்கிறார்.

கீழக்கரைகாக்கா:

தம்பி, இது வேன் பயணமில்லை, டெலிவரி லாரி ஓட்டம். இதில் பாதியை வெட்டுங்கள். அம்மா டீ குடிக்க நிறுத்தலாம் என்று முதலில் எழுதியதே நீங்கள்தான், இந்தத் தடத்தில் டீ போட நேரமே இருக்காது.

இறங்கிய அன்று வேன் எடுக்கவே வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து பத்து மணி நேரம் விமானம், அதற்கு முன் ஊரிலிருந்து திருச்சியோ சென்னையோ வந்த அலைச்சல், நேரம் வேறு இந்தியாவைவிட ஆறரை மணி முன்னால். செப்டம்பர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள், அதன் பிறகு ஏழரை. அந்தத் தூக்கத்தோடு புது வண்டியை ஓட்டாதீர்கள். முதல் இரவு ஊருக்குள் ஒரு அறையில் தூங்கிவிட்டு அடுத்த நாள் காலையில் வேனை எடுங்கள். எடுக்கும்போது எல்லாப் பக்கமும், கூரை, கண்ணாடி, டயர் எல்லாம் வீடியோ எடுங்கள். ஹீட்டர், கேஸ், கேசட், தண்ணீர் நிரப்புவது எல்லாவற்றையும் வேன் கொடுப்பவர் கையால் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மில்ஃபோர்ட் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குயின்ஸ்டவுனிலிருந்து ஒரு வழிக்கே 290 கிலோமீட்டர் அளவில் வரும், மலைச்சாலை, மே முதல் நவம்பர் வரை பனிச்சங்கிலி வண்டியில் இருந்தாக வேண்டும் என்று சட்டம், வசந்தத்தில்தான் பனிச்சரிவு அபாயம் கூடுதல், எச்சரிக்கை வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடினால் உங்கள் பத்து நாளில் இரண்டு நாள் போச்சு. வானகாவிலிருந்து குயின்ஸ்டவுன் போகும் கிரவுன் ரேஞ்ச் சாலை 1,076 மீட்டர் உயரம் ஏறி இறங்கும், பெரிய வேனுக்குக் குரோம்வெல் வழிதான் நல்லது. செப்டம்பர் கடைசியில் அங்கே பனிச்சறுக்குக் கூட்டமும் இருக்கும். இந்த முறை தெற்கையும் மேற்கையும் விட்டுவிடுங்கள்.

நான் சொல்கிற தடம் கிழக்குக் கரை. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வடக்கே கைகோரா 180 கிலோமீட்டர். ஒரு பக்கம் பனிமலை, அதன் காலடியில் கடல், நடுவே சாலையும் ரயிலும். 2016 நவம்பரில் வந்த நிலநடுக்கத்தில் அந்தச் சாலை சரிந்து மூடி, திரும்பத் திறக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கரையை ஒட்டியே கடல் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமாக இறங்குவதால் ஸ்பெர்ம் திமிங்கிலம் வருடம் முழுக்கத் தென்படும், படகில் கூட்டிப்போவார்கள். ஓஹாவ் முனையில் சாலையோரப் பாறைகளில் கடல் சிங்கம் மாதிரி ஃபர் சீல்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கும், அம்மா நடக்கவே வேண்டாம், தடுப்புச் சுவர் ஓரம் நின்றே பார்க்கலாம். அங்கே இரண்டு இரவு தங்குங்கள்.

திரும்பி வந்து டெக்கப்போ, 225 கிலோமீட்டர். 1935இல் கட்டிய கல் தேவாலயம் ஏரிக்கரையில் நிற்கிறது, ஆனால் அங்கே பார்க்க வேண்டியது இரவு வானம். 2012இலிருந்து அந்த வட்டாரம் முழுக்க இருள்வானப் பாதுகாப்புப் பகுதி, தெருவிளக்குகூடத் தலைகவிழ்த்துத்தான் இருக்கும். அடுத்து புகாகி ஏரி ஓரமாக மவுண்ட் குக், 105 கிலோமீட்டர், மலை உயரம் 3,724 மீட்டர், சாலை நேராக அதை நோக்கியே போகும். மலையடியில் இருக்கும் ஒயிட் ஹார்ஸ் ஹில் அரசு முகாமில் மின்சாரம் கிடையாது, அந்தக் குளிரில் அம்மாவோடு அங்கே தங்க வேண்டாம். கொஞ்சம் முன்னால் கிளென்டானரில் மின் இணைப்போடு இடம் கிடைக்கும். அங்கிருந்து வைடாகி பள்ளத்தாக்கு வழியாக ஓமரு இறங்கினால் அந்தி சாய்ந்ததும் சின்ன நீலப் பெங்குவின்கள் கடலிலிருந்து கூட்டமாகக் கரையேறும். ஓமருவிலிருந்து கிறைஸ்ட்சர்ச் 250. மொத்தம் 1200 கிலோமீட்டருக்குள் முடியும், ஒரு நாளும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியதில்லை. இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள், சூரியன் மறைய ஆறரை வாக்கில், கடிகாரம் மாற்றிய பிறகு ஏழரை வாக்கில்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வசந்தத்தில் இங்கே வடமேற்குக் காற்று அடிக்கும். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வறண்டு சூடாக இறங்கும் காற்று, நம் கச்சான் மாதிரிதான், திடீரென்று வரும். உயரமான வேனைப் பக்கவாட்டில் தள்ளும். முன்னறிவிப்பில் பலத்த காற்று என்று போட்டிருந்தால் அன்று முகாமிலேயே இருந்துவிடுங்கள். அதற்காகவே ஒரு நாளை எங்கேயும் ஒதுக்காமல் சும்மா வையுங்கள்.

ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய வரும். சிவப்பு வட்டப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நின்று எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். நீலச் சதுரத்தில் பெரிய வெள்ளை அம்பு என்றால் உங்களுக்கு முன்னுரிமை, அப்போதும் எதிரே பார்த்துத்தான் ஏறுங்கள். பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஓரம் கட்டி வழிவிடுங்கள், உள்ளூர்க்காரர்களுக்கு வேன்மேல் கோபமே அதில்தான்.

மண்டபம்கரை:

காக்கா, நீங்கள் சொன்ன தடத்தையே எடுத்துக்கொள்கிறோம். பாம்பன் பாலத்தில் காற்றுக்காக ரயிலை நிறுத்திவைப்பதைப் பார்த்து வளர்ந்தவன், அந்தச் சும்மா இருக்கும் நாள் எதற்கு என்று உடனே புரிகிறது. அம்மாவிடம் திமிங்கிலம் பற்றிச் சொன்னேன், மில்ஃபோர்டை மறந்துவிட்டார்.

மூன்று சந்தேகம். எங்கே வேண்டுமானாலும் இலவசமாக நிறுத்தித் தூங்கலாம் என்கிறார்களே, உண்மையா? அம்மா நெத்திலிக் கருவாடும் கருப்பட்டியும் கட்டாயம் எடுத்து வருவேன் என்கிறார், விடுவார்களா? கரையில் தூண்டில் போடலாமா?

பனங்காடு:

கருவாட்டுக்கு நான் சொல்கிறேன். நியூசிலாந்தில் உணவுப் பொருள் சோதனை ரொம்பக் கடுமை. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஆன்லைனில் பயணி அறிவிப்பு நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. அதில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று எழுதிவிட்டால் எடுத்துப் பார்ப்பார்கள், கூடாதது என்றால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எழுதாமல் பெட்டியில் இருந்து எடுத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம், மறந்துவிட்டேன் என்றாலும் அதே 400. தேன், பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பழம், விதை, இதெல்லாம் எடுக்கவே எடுக்காதீர்கள். கருவாடு கொண்டுபோவதாக இருந்தால் வீட்டில் காயவைத்து நியூஸ்பேப்பரில் மடித்தது வேண்டாம், கம்பெனி பாக்கெட்டில் பெயரும் தேதியும் அச்சடித்து முத்திரையோடு வருவதை வாங்கி, எழுதிக் காட்டுங்கள். கருப்பட்டியும் அப்படித்தான். ஓலைக்கொட்டானோடு கொண்டு போகாதீர்கள், ஓலை என்பது செடிப்பொருள், அதற்குத் தனிக் கேள்வி வரும். செருப்பு, ஷூ அடியில் மண் ஒட்டியிருந்தாலும் நிறுத்திக் கழுவச் சொல்வார்கள், ஊரிலேயே தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள். மகள் சங்கு, சிப்பி எதையாவது பையில் போட்டு வைத்திருக்கிறாளா என்றும் ஒருமுறை பாருங்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் பையில் அது இல்லாமல் இருக்காது.

கீழக்கரைகாக்கா:

இலவசமாக நிறுத்துவது: எங்கே வேண்டுமானாலும் என்பது பழைய கதை. 2023இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். வேனுக்குள் நிரந்தரமாகப் பொருத்திய கழிப்பறை இருந்து, அதற்குச் சான்றான பச்சை வாரண்ட் ஒட்டியிருந்தால்தான் அப்படித் தங்கத் தகுதி, அதுவும் உள்ளூர் நிர்வாகம் அனுமதித்த இடத்தில் மட்டும். மீறினால் சில நூறு டாலர் அபராதம். உங்கள் நிலைமைக்கு ஒவ்வொரு இரவும் மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க் என்கிற கட்டண முகாமே போதும், இரண்டு பெரியவர்களுக்கு 50 முதல் 70 டாலர் அளவில் வரும், அம்மாவுக்கும் பிள்ளைக்கும் கொஞ்சம் கூட. ஹீட்டரும் வெந்நீரும் விடிய விடிய கிடைக்கும். கேம்பர்மேட் செயலியில் முகாம், டம்ப் ஸ்டேஷன், தண்ணீர்க் குழாய் எல்லாம் வரைபடத்தில் காட்டும், சிக்னல் இல்லாத மலைப்பக்கத்துக்கு முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

தூண்டில்: கடலில் சொந்தச் சாப்பாட்டுக்குப் பிடிக்க உரிமம் வேண்டாம். ஆனால் எந்த மீன் எத்தனை, எவ்வளவு நீளம் என்று பகுதிக்குப் பகுதி வரம்பு உண்டு, சிப்பி, இறாலுக்கும் உண்டு, அதிகாரிகள் கரையிலேயே அளந்து பார்ப்பார்கள். பிடித்ததை விற்கக் கூடாது. ஆற்றிலும் ஏரியிலும் டிரவுட் பிடிக்கத் தனி உரிமம். சறுக்கும் பாறையில் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள், தண்ணீர் கால் வைக்க முடியாத குளிர், நம் மன்னார் வளைகுடா இல்லை அது.

டிஎன்65:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. மகளுக்கு ஆறு வயது என்றீர்கள். அங்கே ஏழு வயது நிறையாத பிள்ளை அங்கீகரித்த குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும், மடியில் வைப்பது, பின்கட்டிலில் படுக்கவைத்து ஓட்டுவது எதுவும் கூடாது. வேனில் எல்லா இருக்கையிலும் அந்தக் குழந்தை இருக்கையைப் பொருத்த முடியாது, எந்த இருக்கையில் பொருத்தலாம் என்று பதிவு செய்வதற்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். அம்மாவுக்கும் மூன்று புள்ளி பெல்ட் உள்ள, முன்பக்கம் பார்த்த இருக்கை இருக்கிறதா என்று அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

மண்டபம்கரை:

கேட்டுவிட்டேன். ஆறு பேர் வேனில் முன்பக்கம் பார்த்த பின் இருக்கை இரண்டு உண்டு, ஒன்றில் குழந்தை இருக்கை மாட்டலாம், டீசல் ஹீட்டர்தான் என்று பதில் வந்திருக்கிறது. துறை அனுமதி கைக்கு வந்ததும் விசாவுக்குப் போடுகிறோம், டிக்கெட் அதற்குப் பிறகுதான். கைகோராவில் கடலைப் பார்த்த இடமாக ஒன்று கேட்டு இன்றே எழுதுகிறேன்.